நட்டின் மேல் சிவப்புக் கோடு

அத்தியாயம் 11

போன வாரம் தவளையை இருமியபடி விட்டிருந்தோம். இந்தச் சனிக்கிழமை காலையிலும் அது இருமிக்கொண்டுதான் இருந்தது.

தவளை என்பது சின்னவள் வீட்டு ஷெட்டில் நிற்கும் பழைய கார். பச்சை உடம்பும் பிதுங்கிய முன்விளக்குகளும் அகன்ற வாயுமாக இருந்ததால் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. அம்மாவின் அண்ணன், அதாவது சின்னவளின் மாமா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோனபோது அதை இங்கே தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார். ஓடும் நிலைமைக்கு வந்தால் சொல்லுங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்றார். அது ஓடப்போவதில்லை என்ற நம்பிக்கையில் சொன்ன வார்த்தை.

அப்போது அந்த வீட்டில் அப்பாவும் சின்னவளும் பேசிக்கொள்வதில்லை. அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். தான் ஆசைப்பட்டுச் சேர்த்துவிட்ட கணக்கியல் படிப்பை மகள் பாதியில் விட்டுவிட்டு வந்ததை அவரால் எந்தக் குறி போட்டும் திருத்த முடியவில்லை. வாயை மூடிக்கொண்டார். அவளும் மூடிக்கொண்டாள். "உன் பொண்ணுகிட்ட சொல்லிடு" என்று அவரும், "அப்பாகிட்ட கேட்டுடும்மா" என்று இவளும் சொல்ல, நடுவில் அம்மாதான் தபால்காரி.

அந்த மௌனத்தை உடைத்தது, "அந்த ஸ்பேனரை எடு" என்ற ஒரு வாக்கியம். அப்பா காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி கையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டார். பக்கத்தில் நிற்பது யார் என்று அவர் பார்க்காததுதான் நல்லதாய்ப் போயிற்று. சின்னவள் எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து இருவரும் துருவைப் பற்றிப் பேசினார்கள், ஆயிலைப் பற்றிப் பேசினார்கள், கழற்றிய பின் சீட்டைக் கூடத்தில் எங்கே போடுவது என்பதைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசினார்கள். படிப்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனாலும் பேச்சு பேச்சுதானே.

பின் சீட் இன்னமும் கூடத்தில்தான் இருக்கிறது. அம்மா அதில் சாய்ந்துகொண்டுதான் டிவி பார்க்கிறாள்.

இதற்கிடையே சின்னவள் வண்டி பழுது பார்க்கும் மாலை வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பு இப்போது முடியப்போகிறது. ஒவ்வொருவரும் ஒரு எஞ்சினைச் சரிசெய்து ஓட வைத்துக் காட்ட வேண்டும். அவள் தவளையைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். இன்று சாயங்காலம் வகுப்பு மேடம் வீட்டுக்கே வந்து பார்க்கப்போகிறார். எஞ்சின் நின்று நிதானமாக ஓடினால் சான்றிதழ். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. சான்றிதழைவிட, அப்பாவின் கண்முன்னால் ஒன்றையாவது முழுதாக முடிக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பெரிது.

ஆனால் தவளை இருமியது. சாவியைத் திருப்பினால் உயிர் வருகிறது, நாலு தடவை குலுங்குகிறது, அணைந்துபோகிறது. இரண்டு வாரமாக இதே கதை. ஒவ்வொரு முறையும் அவள் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டிச் சரிசெய்து முடிப்பாள், அன்று நன்றாக ஓடும், மறுநாள் பார்த்தால் பழையபடி இருமல்.

"சரி விடு, நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார் அப்பா. அவர் கையில் தவளையின் பழுதுபார்ப்புப் புத்தகம் இருந்தது. அதில் இருந்த அச்சுப் பிழைகளையெல்லாம் சிவப்புப் பேனாவால் திருத்தி முடித்துவிட்டார். வண்டியில் இருக்கும் பிழைதான் பாக்கி.

"நாளைக்கு மேடம் வரமாட்டாங்கப்பா. இன்னைக்குத்தான் வர்றாங்க."

"அவங்க வரட்டும். வண்டிக்கு அது தெரியுமா?"

சொல்லிவிட்டு உள்ளே போனார். நடையில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. கடைசி வரியைத் திருத்தி முடித்த நாட்களில் இப்படித்தான் நடப்பார். சின்னவளுக்கு அது புரியவில்லை. இப்போதெல்லாம் அவளுக்குப் புரியாதவற்றின் வரிசையில் இதையும் கடைசியாக நிற்க வைத்தாள்.

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். அதுதான் அவள் வழக்கம். கை பழகவில்லையோ, வகுப்பில் சரியாகக் கவனிக்கவில்லையோ, இதற்கும் நான் லாயக்கில்லையோ. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பானெட்டைத் தூக்கி நிறுத்தி, ஒரு ஓரத்திலிருந்து தொடங்கினாள்.

வகுப்பில் மேடம் சொல்லிக்கொடுத்த ஒரு பழக்கத்தை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நட்டை முடுக்கி முடித்ததும், நட்டின் மேலும் அதற்கு அடியில் இருக்கும் இரும்பின் மேலும் சேர்ந்தாற்போல நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். நட்டு ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். தொட்டுப் பார்க்கவே தேவையில்லை, கண்ணால் பார்த்தால் போதும். பாட்டிலை அவள் வகுப்புப் பையிலேயே வைத்திருப்பாள். ரத்தச் சிவப்பு.

கோடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதுவும் உடையவில்லை. தண்ணீர்க் குழாய், பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர்.

கார்புரேட்டரின் அடியில் இருந்த கோட்டைத் தாண்டிப் போன கண் திரும்பி வந்தது. சிவப்புதான். ஆனால் கொஞ்சம் ரோஜா கலந்த சிவப்பு. டார்ச்சை அடித்துப் பார்த்தாள். மற்ற கோடுகள் ஒரு நிறம், இது வேறு நிறம். விரலால் நட்டைத் தொட்டாள். ஸ்பேனரே வேண்டாம் என்பதுபோல அது விரலோடு திரும்பியது.

கோடு உடையாமல் நட்டு எப்படித் தளரும்?

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த நட்டு தளர்ந்தால் இடுக்கு வழியாகக் காற்று புகும், எஞ்சின் இருமும், அணையும். இருமலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் தானாகத் தளரும் நட்டு தனக்குத்தானே நெயில் பாலிஷ் போட்டுக்கொள்ளாது. தூக்கக் கலக்கத்தில் நானே ஏதாவது செய்து தொலைத்தேனா என்றுகூட யோசித்தாள். தன்னிடம் ரோஜாச் சிவப்பு கிடையாது என்பது நினைவுக்கு வந்த பிறகுதான் அந்தச் சந்தேகம் விட்டது.

மதியம் அம்மாவுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோக வேண்டும். அம்மா முனையில் இருக்கும் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். இந்த வீட்டில் தவளையை அதிகமாகத் திட்டுவது அவள்தான். எப்போது இந்தச் சனியன் இடத்தைக் காலி பண்ணும் என்று பால்காரர் வரைக்கும் புலம்பியிருக்கிறாள்.

கடையில் கூட்டமில்லை. அம்மா ஒரு பெரியவருக்கு எந்த மாத்திரை காலையில், எது ராத்திரியில் என்று அட்டையைப் புரட்டிப் புரட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவள் டப்பாவோடு கவுண்டரில் சாய்ந்து நின்றாள். சீப்பு, பவுடர், பஞ்சு, அப்புறம் ஒரு சின்னத் தட்டில் நெயில் பாலிஷ் பாட்டில்கள். முன்வரிசையில் ரோஜாச் சிவப்பு.

அவள் பார்வை தட்டிலிருந்து அம்மாவின் கைக்குப் போனது. மருந்து தொடும் கை என்று அம்மா ஒரு நாளும் நகத்துக்குச் சாயம் பூசியதில்லை. ஆனால் வலது கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில், அழித்தும் போகாமல், அதே சிவப்பு.

பெரியவர் போகும்வரை காத்திருந்தாள். பிறகு பாட்டிலை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தாள். அம்மா பாட்டிலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், டப்பாவைத் திறந்தாள், மறுபடி மூடினாள்.

"அதுதான் கைக்கு எட்டுச்சு," என்றாள் கடைசியில்.

அதற்கு மேல் அவள் சொன்னதைக் கோத்து எடுப்பது சின்னவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வண்டி ஓடினதும் எடுத்துக்கொள்வேன் என்று மாமா சொல்லியிருக்கிறார். இரண்டு வாரத்துக்கு முன்னால் தவளை முதல்முறையாக ஓடியபோது, அப்பாவும் மகளும் ஷெட்டில் கைகொட்டிச் சிரித்தது சமையலறை வரைக்கும் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து, மகள் வகுப்புக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, ஒரே ஒரு நட்டை அம்மா கால் சுற்று தளர்த்தியிருக்கிறாள். கோடு உடைந்தது தெரிந்ததும், மகள் பார்ப்பதற்குள் கடையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்து மேலே கோடு இழுத்திருக்கிறாள்.

"எனக்கு எவ்வளவு அவமானமா இருந்துச்சு தெரியுமா? என்னால எதுவுமே ஆகாதுன்னு நினைச்சேன்," என்றாள் சின்னவள்.

"அது எனக்குத் தோணவே இல்லடி." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அந்த வண்டி போயிடுச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் எதைப் பத்திப் பேசுவீங்க? அதை நினைச்சேன். அவ்வளவுதான் என் புத்தி."

சின்னவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம். வந்தது, ஆனால் உட்கார இடம் கிடைக்காமல் அலைந்தது. இனிமேல் தொடமாட்டேன் என்று சொல்லு என்றாள். அம்மா தன் கண் மேல் கை வைத்துச் சொன்னாள். இவள் தெருவில் இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்தபோது, அம்மா டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து நட்டை முடுக்கினாள். ரோஜாச் சிவப்பைச் சுரண்டப் பார்த்தாள், முழுசாகப் போகவில்லை. அதன் மேலேயே ரத்தச் சிவப்பால் ஒரு கோடு இழுத்தாள். சாவியைத் திருப்பியதும் தவளை இருமவில்லை. தையல் மெஷின் மாதிரி ஓடியது.

அப்பா ஷெட் வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"என்ன கோளாறுன்னு கேக்கமாட்டீங்களாப்பா?"

"சரியாயிடுச்சுல்ல?" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஏதோ குழப்பம் வந்தால் அவர் கை அங்கேதான் போகும்.

அம்மாவைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. குளித்து, நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டாள். இண்டிகேட்டர் ஒயர்கள் இரண்டும் நிறம் வெளுத்து ஒரே மாதிரி இருந்ததும், இடது எது வலது எது என்று குழம்பி இரண்டையும் சேர்த்து முறுக்கி வைத்திருந்ததும் தலை துவட்டும்போது நினைவுக்கு வந்தன. இன்றைக்குக் காட்ட வேண்டியது எஞ்சின் மட்டும்தானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மேடம் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். ஒல்லியான உருவம், நரைத்த கிராப்பு, தோளில் ஒரு துணிப்பை. தண்ணீர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு நேரே பானெட்டுக்குள் தலையை விட்டார். அம்மாவும் கடையிலிருந்து அரைமணி முன்னதாகவே வந்து, ஷெட் வாசலில் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"கோடு எல்லாம் போட்டிருக்கியே," என்றார் மேடம். "வகுப்புல நான் சொன்னதைச் செய்யிற ஒரே ஆள் நீதான். ஆமா, இங்க மட்டும் ஏன் ரெண்டு சிவப்பு?"

அம்மாவின் கை முந்தானைக்குள் போய்விட்டது.

"பழைய பாட்டில் தீர்ந்துபோச்சு மேடம்," என்றாள் சின்னவள்.

சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சினுக்கு உயிர் வரவில்லை. இன்னொரு முறை. சுற்றல் மட்டும்தான், ஒரு இருமல்கூட இல்லை.

சின்னவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை அகல விரித்துத் தலையை இட வலமாக ஆட்டினாள். அது பொய் சொல்லும் முகம் இல்லை. அம்மாவும் இவள் அளவுக்குக் குழம்பிப்போயிருந்தாள்.

மேடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். தேடிக் கண்டுபிடிப்பதும் பரீட்சையில் சேர்த்திதான். பெட்ரோல் வருகிறதா? வருகிறது. பிளக்கில் நெருப்புப்பொறி வருகிறதா? ஒன்றைக் கழற்றிப் பிடித்துப் பார்த்தாள். வரவில்லை. பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்டிரிபியூட்டரின் கிளிப்புகளைத் தள்ளி மூடியைத் தூக்கினாள்.

உள்ளே ரோட்டர் இல்லை.

கட்டைவிரல் அளவு இருக்கும் சின்னப் பொருள். நடுத்தண்டில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைத் தள்ளிவிடும். அது இல்லாமல் எந்தக் கொம்பன் வந்தாலும் எஞ்சினைக் கிளப்ப முடியாது. மத்தியானம் இருந்தது. இருந்ததால்தானே ஓடியது? மூடி தானாகத் திறந்து, அது தானாக நடந்து போயிருக்காது.

சின்னவள் நிமிர்ந்தாள். அப்பா சுவரோரமாக நின்று பழுதுபார்ப்புப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். புத்தகம் தலைகீழாக இருந்தது. ஒற்றைப்புள்ளி தப்பினாலும் கண்டுபிடிக்கிற மனுஷர். சட்டைப் பையில் சிவப்புப் பேனா. பேனாவுக்குப் பின்னால், மத்தியானம் இல்லாத ஒரு புடைப்பு.

வண்டி போனால் எதைப் பேசுவது என்ற அம்மாவின் கேள்வி இந்த மனுஷருக்கும் வந்துவிட்டதா? அல்லது மகள் இதிலும் தோற்றால் மறுபடி கணக்கியலுக்குத் திரும்புவாள் என்ற கணக்கா? இரண்டில் எது என்று அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை. கேட்கலாம். மேடம் முன்னால், அம்மா முன்னால், ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டுவிடலாம். கேட்டால் அதுதான் இந்த வீட்டில் கடைசிப் பேச்சாக இருக்கும் என்றும் பட்டது.

அவள் கையை மட்டும் நீட்டினாள்.

"அப்பா, அந்த ரோட்டரை எடுங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பைக்குள் விரலை விட்டார். அச்சகத்துத் தாள் ஒன்றில் ரோட்டரைப் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார். பிரித்துத்தான் கொடுத்தார்.

"துடைச்சு வைக்கலாம்னு..." என்று தொடங்கியவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. பாதியில் நின்ற வாக்கியத்தைப் பொறுத்துக்கொள்ளாத மனிதர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

"சரிப்பா," என்றாள் அவள்.

ரோட்டர் உட்கார்ந்தது, மூடி உட்கார்ந்தது, சாவி திரும்பியது. தவளை ஓடியது. மேடம் ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரை எடுத்து, நுனியை எஞ்சின் மேலும் பிடியைத் தன் காதிலுமாக வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு டிரைவரைத் துடைத்துப் பையில் போட்டார்.

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல," என்றார். "வீட்டுலதான் ஏதோ இருக்கு போல. அது என் பாடத்துல வராது. நீ பாஸ்."

வாசல்வரை அவரை வழியனுப்பிவிட்டு மூவரும் ஷெட்டுக்குத் திரும்பினார்கள். சின்னவள் எஞ்சினை அணைத்தாள். அணைத்ததும் பழைய மௌனம் அந்த இடத்தில் வந்து நின்றது. மூவருக்கும் அது தெரிந்தது. அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"பின் ஆக்சில்ல ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சே?"

தவளை நின்ற இடத்தை விட்டு ஒரு சாண்கூட நகரவில்லை. சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில், நகராத வண்டியில் எப்படிச் சத்தம் போடும்? சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க, எனக்கும் கேட்டுச்சு."

"அப்படியா மாப்பிள்ளை?" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மாமா. விரலில் தவளையின் இன்னொரு சாவி சுற்றிக்கொண்டிருந்தது. "எஞ்சின் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு, எனக்குக் கோளாறு ஒண்ணும் தெரியலையே."

அப்பா மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள். இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"நான்தான் போன் பண்ணினேன்," என்றாள் அம்மா மெல்ல. "மத்தியானம் இவ பேசினதும், செஞ்சது தப்புன்னு பட்டுச்சு. அதான் வந்து எடுத்துட்டுப் போயிடுண்ணான்னு சொன்னேன். இப்போ அதுவும் தப்போன்னு இருக்கு."

தங்கையின் குழப்பம் மாமாவுக்குப் பிடிபடவில்லை. ஏறுங்க, ஒரு சுற்றுப் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிடுவோம் என்று அவர் பாட்டுக்கு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். அம்மா அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பின்னால் பார்த்தால் சீட் இல்லை, கூடத்தில் இருக்கிறது. அப்பா சமையலறையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். அப்பாவும் மகளும் முழங்கால் இடிக்க அருகருகே உட்கார்ந்தார்கள்.

தவளை ஷெட் வாசலைத் தாண்டி, இத்தனை நாளில் முதல்முறையாகத் தெருவில் இறங்கியது. முக்காலி ஆடியது. சின்னவள் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அப்பா குனிந்து, பின்சக்கரத்தின் பக்கம் காதைக் கொடுத்தார். சீராகச் சக்கரம் உருளும் ஓசையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

"கேக்குதா?" என்றார்.

அவள் தலையைச் சாய்த்து நன்றாகக் கேட்டாள்.

"கேக்குதுப்பா. ஆக்சிலை இறக்கித்தான் பாக்கணும்."

அப்பா பேனாவைத் தொடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, எந்த பேரிங்காக இருக்கும் என்று அவளிடம் விசாரிக்கத் தொடங்கினார்.

தெருமுனை வந்தது. வலப்பக்கம் திரும்பினால் ஒரு சுற்றுச் சுற்றி வீடு. இடப்பக்கம் போனால் பாலம், பாலத்தைத் தாண்டினால் மாமா வீடு. பேச்சு நின்றது. மூவரும் மாமாவின் கையைப் பார்த்தார்கள். மாமா வண்டியை மெதுவாக்கி, இண்டிகேட்டர் குச்சியை ஒரு தட்டுத் தட்டினார்.

எந்தப் பக்கம் தட்டினார் என்பது பின்னாலிருந்து தெரியவில்லை. சின்னவள் எட்டி முன்கண்ணாடி வழியே பார்த்தாள். பச்சை மூக்கின் இரண்டு பக்கமும், இடமும் வலமும், விளக்குகள் சேர்ந்தாற்போல மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தன.